பூதானே என்று விட்டுவிடலாமா?

போன தை மாதம் எங்கள் திருமானூரில் ஒரு கல்யாணம். பெண் எங்கள் தெரு, மாப்பிள்ளை கொள்ளிடப் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருவையாறு. மேடை ஜோடனைக்குத் தஞ்சாவூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மணவறையின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகச் சாமந்தி. நிறம் மட்டும் நீலம்.

எழுபது வயதாகிறது எனக்கு. மஞ்சள், வெள்ளை, அரக்கு என்று எத்தனையோ சாமந்தி பார்த்திருக்கிறேன். நீலத்தில் பார்த்ததில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவனுக்குக் கை சும்மா இருக்குமா? பந்தி முடிந்ததும் ஒரு பூவைக் கிள்ளி விரலில் தேய்த்தேன். விரல் நீலமானது. வெறும் சாயம்.

பக்கத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். சிரித்தார்.

"சாயத்துல முக்குனது வாத்தியாரே. நெசமாவே நீலமாப் பூக்குற சாமந்தி ஜப்பான்ல பண்ணிட்டாங்களாம். மரபணுவ மாத்தி. பேரன் போன்ல காட்டுனான்."

"பண்ணியிருக்காங்க அண்ணே. ஆனா அது இங்க வரணும்னா சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் விடணும்" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "பூவுக்குமா கமிட்டி, சட்டம்? கத்திரிக்காய்னா சரி, வயித்துக்குள்ள போவுது. பூவை என்ன கொழம்பா வைக்கப் போறோம்? பார்க்க அழகா இருந்தா இருந்துட்டுப் போவட்டுமே. நாலு பூ விவசாயி பொழைப்பான்."

அன்றைக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள்கூட இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பூதானே!" அதற்கு என் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இருப்பது என்ன என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் 1990-களின் நடுவிலேயே பெட்டூனியாச் செடியின் மரபணுவைக் கார்னேஷனில் புகுத்தி, கத்திரிப்பூ நிறத்தில் பூக்க வைத்து விற்றது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் 2009-ல் நீல ரோஜா என்று ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2017-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நீலச் சாமந்தியை அறிவித்தார்கள். அந்த நீலத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மரபணுக்களில் ஒன்று எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் வேலியில் படரும் சங்குப்பூவிலிருந்து! அமெரிக்காவில் 2024 முதல் இருட்டில் பச்சையாக ஒளிரும் பெட்டூனியாவை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். ஒரு காளானின் மரபணுக்கள் அதை ஒளிர வைக்கின்றன. ஆக, இது கதை இல்லை. சந்தைச் சரக்கு.

இனி அண்ணனின் வாதத்துக்கு வருகிறேன். பூவை யாரும் தின்பதில்லை என்றார். கோயில் வாசலில் கழற்றிப் போட்ட மாலை எங்கே போகிறது? திருமழபாடியில் நந்தி கல்யாணம் முடிந்த மறுநாளோ, ஏலாக்குறிச்சி மாதா தேர் முடிந்த மறுநாளோ தெருவில் நின்று பாருங்கள். மாடும் ஆடும் மாலையை மென்றுகொண்டு நிற்கும். பன்னீர் ரோஜா குல்கந்தாகிறது. செம்பருத்தியும் ஆவாரம்பூவும் கஷாயமாகின்றன. சங்குப்பூவை இப்போது டீ என்று போட்டுக் குடிக்கிறார்கள். தேனீக்குப் பூதான் சோறு. அந்தத் தேனை நாம் நக்குகிறோம். எனவே "தின்பதில்லை" என்பதே பாதிப் பொய்.

ஆனால் என் முக்கியமான சண்டை அது இல்லை. பூவால் வயிற்றுக்கு ஒன்றும் வராது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி தீரவில்லை. ஒரு செடி வெளியே போனால் திரும்ப அழைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்குப் பாடம் இரண்டு. ஒன்று உலகம் பார்த்தது, ஒன்று நானே செய்தது.

உலகம் பார்த்ததை முதலில் சொல்கிறேன். 1980-களில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தார் மக்காச்சோளத்தின் ஒரு மரபணுவைப் பெட்டூனியாவில் வைத்தார்கள். பெட்டூனியாவுக்கு இயற்கையில் வராத ஆரஞ்சு நிறம் வந்தது. 1987-ல் ஆய்வு வெளியானது. 1990-ல் சுமார் 30,000 செடிகளைத் திறந்த வெளியில் நட்டுப் பார்த்தார்கள். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

2015-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி ரயில் நிலையத்துப் பக்கம் நடந்து போன தீமு தேரி என்ற தாவர விஞ்ஞானி, அங்கிருந்த பூத்தொட்டிகளில் ஆரஞ்சு பெட்டூனியாவைப் பார்த்தார். பழைய ஆய்வு ஞாபகம் வந்தது. ஒரு கிளையைக் கிள்ளி வந்து சோதித்தார். அதே மக்காச்சோள மரபணு! 2017-ல் பின்லாந்து அரசு அவற்றை விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது. பின்னாலேயே அமெரிக்காவிலும் சோதித்தார்கள். பல ரகங்களில் அது இருந்தது. நர்சரிக்காரர்கள் செடிகளை அழித்தார்கள். எந்த நாட்டு அதிகாரிக்கும் தெரியாமல் இத்தனை காலம் அந்தப் பூ நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கண்டுபிடித்தது ஒரு மனிதரின் கண். அவர் அன்றைக்கு வேறு வழியாகப் போயிருந்தால்?

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டூனியாவால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. அமெரிக்காவே பிறகு ஆராய்ந்து, 2021-ல் அதற்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று விட்டுவிட்டது. "பார்த்தீரா, ஒன்றும் ஆகவில்லையே" என்று அண்ணன் கேட்பார். ஆகவில்லைதான். பிரேக் இல்லாத வண்டி ஒரு தடவை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது என்பதற்காக, பிரேக்கே வேண்டாம் என்று சொல்வோமா? அந்தச் செடி சாது என்பதால் தப்பித்தோம். நம் ஏற்பாடு நன்றாக இருந்து தப்பிக்கவில்லை.

எல்லாச் செடியும் சாது இல்லை என்பதற்கு நான் செய்ததைச் சொல்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. நீர்த்தாவரங்களின் தகவமைப்பு என்று ஒரு பாடம். ஆகாயத்தாமரையின் காம்பு ஏன் பஞ்சு மாதிரி உப்பியிருக்கிறது, அது எப்படி மிதக்கிறது என்று பிள்ளைகளுக்கு நேரில் காட்ட ஆசைப்பட்டேன். வெளியூர் போனபோது ஒரு வாய்க்காலிலிருந்து நாலு செடி பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் தொட்டியில் விட்டேன். கொஞ்ச நாளில் ஊதாப்பூ பூத்தது. மயில் தோகைக் கண் மாதிரி மஞ்சள் புள்ளி. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். தலைமை ஆசிரியர்கூட வந்து பார்த்துப் பாராட்டினார்.

ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி வழிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குளம். அடுத்த கோடையில் குளத்தின் ஒரு மூலை பச்சையாக இருந்தது. அதற்கடுத்த வருஷம் குளமே தெரியவில்லை. மாடு இறங்க வழியில்லை, பிள்ளைகள் குளிக்க வழியில்லை, கொசு மட்டும் கொழுத்தது. ஊர் கூடி வாரிப் போட்டார்கள், மறுபடியும் வந்தது. இப்போது நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் அதை வாருகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். "வணக்கம் சார்" என்று அவர்கள் சேற்றுக் கையைக் கூப்பும்போது எனக்குத் தலை நிமிராது. செடி வேறு வழியாகவும் அந்தக் குளத்துக்கு வந்திருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். சமாதானம் ஆனதில்லை.

அந்த ஆகாயத்தாமரை இந்தியாவுக்கு எதற்கு வந்தது? தின்பதற்கா? இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டு வந்தார்கள். வங்காளத்து ஆறுகளையும் நெல் வயல்களையும் அது மூடிய பிறகு, 1936-ல் அதை ஒழிக்க ஒரு சட்டமே போட்டார்கள். செடி ஆற்றில், சட்டம் காகிதத்தில். இன்றுவரை செடிதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. உண்ணிச்செடியும் அப்படித்தான். 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்தது. இன்றைக்கு முதுமலைக் காட்டில் மானுக்குப் புல் முளைக்க இடமில்லாமல் அது நிற்கிறது. இவை இரண்டும் மரபணு மாற்றியவை இல்லை, தெரியும். மரபணு மாற்றினாலே பிசாசு என்று நான் சொல்லவும் இல்லை. "அழகுக்குத்தானே" என்ற வார்த்தை எவ்வளவு விலை வைக்கும் என்பதற்குத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

"கேந்திப்பூகூட மெக்சிகோவிலிருந்து வந்ததுதானே? அது இல்லாமல் இன்றைக்கு ஆயுத பூஜை உண்டா?" என்று கேட்கலாம். உண்மை. கேந்தி வந்தது, நல்லபடியாக நம்மோடு கலந்தது. ஆகாயத்தாமரை வந்தது, குளத்தைத் தின்றது. இரண்டும் வந்தபோது யாரும் சோதிக்கவில்லை. ஒன்று அதிர்ஷ்டம், ஒன்று துரதிர்ஷ்டம். விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த காலத்திலும் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் செடி விட வேண்டுமா?

இன்னொரு விஷயம். மற்ற பயிரைவிடப் பூவுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பேன். நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பி.டி. பருத்தி போட்டவர்களுக்குத் தெரியும். அது வீரிய ஒட்டு ரகம், வருஷா வருஷம் பாக்கெட் வாங்க வேண்டும். கடையில் பில் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். பூச்செடிக்குப் பில் ஏது? மல்லிகையைப் பதியன் போடுவோம். சாமந்தியைப் பக்கக் கன்று பிரித்து நடுவோம். "அக்கா, அந்தச் செம்பருத்தியில ஒரு குச்சி ஒடிச்சுக் குடுங்க" என்று மதில் மேலேயே கைமாறிவிடும். திருமானூரில் ஒரு வீட்டில் நட்ட அழகான செடி ஆறு மாதத்தில் கீழப்பழுவூரில் இருக்கும், ஒரு வருஷத்தில் அரியலூரில் இருக்கும். அதைத் திரும்பப் பெறு என்று எந்த அதிகாரி எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?

பில் இருக்கிற பருத்தியிலேயே நடந்ததைப் பாருங்கள். அரசு பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது 2002 மார்ச்சில். ஆனால் 2001-லேயே குஜராத்தில் அனுமதி இல்லாத பி.டி. பருத்தி ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளைந்து நின்றது. பிடுங்கி எரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். விவசாயி கண் எதிரே வெடித்து நிற்கும் பருத்தியை எரிக்க விடுவானா? அந்த விதை கைமாறிக் கைமாறிப் போனது. பிறகு முறையாக வந்த விதையோடு, வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தி நடுவதற்கு என்று 120 கிராம் தனிப் பொட்டலம் வைத்தார்கள். புழுவுக்கு எதிர்ப்புச் சக்தி வராமல் இருக்க அந்த ஏற்பாடு. அதைப் பிரிக்காமலே வரப்பில் வீசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எதற்கு என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. காய்ப்புழுக்களில் இளஞ்சிவப்புப் புழு அந்தப் பருத்தியையும் தின்னப் பழகிக்கொண்டது. வெளியே விட்ட பிறகு போடும் விதி வரப்பில்தான் கிடக்கும். விடுவதற்கு முன் போட வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் தடை செய்துவிடலாமா? கூடாது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. பூ விவசாயியும் பிழைக்க வேண்டும், ஆராய்ச்சியும் நடக்க வேண்டும். அளந்து விட வேண்டும், அவ்வளவுதான். அளப்பது எப்படி என்பதற்கு ஜப்பானே வழி காட்டுகிறது. நீல ரோஜாவில் புதிய மரபணு மகரந்தத்துக்குப் போகவில்லை என்பதைப் பார்த்த பிறகு அனுமதித்தார்கள். நீலச் சாமந்தியைக் கண்டுபிடித்தவர்களோ, எங்கள் நாட்டில் காட்டுச் சாமந்தி இனங்கள் உண்டு, இது அவற்றோடு கலந்துவிடக்கூடும், அதனால் இதை முதலில் மலடாக்க வேண்டும் என்று தாங்களே சொன்னார்கள். ஒரே நாடு, ஒரே நீலம், இரண்டு விதமான பதில். இதற்குப் பெயர்தான் அறிவு.

நம் ஊருக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். நம் சமவெளியில் காட்டு ரோஜா கிடையாது. மகரந்தம் பரவாத ரோஜாவை வெட்டுப் பூவாக விற்றால் பயம் குறைவு. சீக்கிரம் அனுமதி கொடுக்கலாம். ஆனால் நாளைக்கு யாராவது ஒளிரும் காசித்தும்பை கொண்டுவந்தால்? தொட்டால் வெடித்து விதையை நாலு பக்கமும் வீசும் செடி அது. சின்ன வயதில் அதை வெடிக்க வைத்து விளையாடாதவர் யார்? அதன் காட்டுச் சொந்தங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிறைய, அவற்றில் பல உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. அதற்கும் ரோஜாவுக்கும் ஒரே சட்டம் போட்டால் அது மடத்தனம். இரண்டுக்கும் சட்டமே இல்லை என்றால் அது அதைவிடப் பெரிய மடத்தனம்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் விதிகள் வந்தன. மரபணு மாற்றிய எதையும் இறக்குமதி செய்யவோ வெளியே விடவோ மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அது பூவுக்கும் பொருந்தும். ஆனால் நம் விவாதம் எல்லாம் கத்திரிக்காய், கடுகு, பருத்தியைச் சுற்றியே ஓடுகிறது. பொட்டலத்தில் மரபணு மாற்றியது என்று அச்சிட வேண்டும் என்ற விதிகூட 2013-ல் உணவுப் பொட்டலத்துக்குத்தான் வந்தது. நர்சரித் தொட்டிக்கு வரவில்லை. 2022 மார்ச்சில், வெளி மரபணு சேர்க்காமல் திருத்திய சில வகைச் செடிகளுக்கு அந்த 1989 விதிகளில் சிலவற்றிலிருந்து விலக்கும் கொடுத்தாயிற்று. கதவு பாதி திறந்துதான் இருக்கிறது. கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் வேறு வேறு தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். அந்தக் கொள்கையில் பூவுக்கு ஒரு அத்தியாயம் வேண்டும் என்கிறேன்.

அந்த அத்தியாயத்தில் என்ன இருக்க வேண்டும்? தின்பதா இல்லையா என்ற கேள்வியை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. விதையோ மகரந்தமோ பரவுமா, சொந்த இனம் இங்கே காட்டில் இருக்கிறதா, குச்சியும் கிழங்கும் தானாக வேர் பிடிக்குமா, இந்த மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றுக்கும் இல்லை என்றால் சீக்கிரம் விடுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் நம் மண்ணில், நம் ஐப்பசி கார்த்திகை மழையில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். தொட்டியிலேயே தமிழில் எழுதுங்கள். நர்சரிகளிலும் துறைமுகத்திலும் அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதியுங்கள். ரயில் நிலையத்தில் ஒரு விஞ்ஞானி நடந்து போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடைசியாக, விற்கும் கம்பெனி முன்பணம் கட்டட்டும். பரவிவிட்டால் பிடுங்கும் கூலி அந்தப் பணத்திலிருந்து போகட்டும். இன்றைக்கு அந்தக் கூலியை யார் கொடுக்கிறார்கள்? அரசு கொடுக்கிறது. உடம்பை யார் கொடுக்கிறார்கள்? சேற்றில் நிற்கும் பெண்கள் கொடுக்கிறார்கள்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் கட்டுப்படியாகும், சின்ன ஆளால் முடியாது" என்பார்கள். அதனால்தான் சாதுப் பூவுக்குச் சின்ன வாசல், முரட்டுப் பூவுக்குப் பெரிய வாசல் என்கிறேன். கட்டணமும் அப்படியே இருக்கட்டும். நமது வேளாண் பல்கலைக்கழகம் செய்யும் ரகத்துக்குக் கட்டணமே வேண்டாம், சோதனை மட்டும் போதும்.

போன வாரம் அண்ணனைக் குளத்துப் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். ஆகாயத்தாமரை பூத்துக் கிடந்தது. சாயங்கால வெயிலில், மனசாரச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல நான் சின்ன வயசுல நீச்சல் அடிச்சிருக்கேன் வாத்தியாரே" என்றார்.

இந்தக் குளத்தில் இது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது வீட்டு வாசலில் நின்று, "உம்ம அந்தத் தொட்டிக்கு அன்னைக்கு ஒரு சட்டம் இருந்திருக்கணும்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நானும் அதைத்தான் சொல்கிறேன்.